முட்டி மடங்காத தொண்டன்

மார்ச் 3, ஞாயிறு

உரக்கடை சுப்பராயன் தைப் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். பொதுவாழ்வில் இருப்பவன் நாலு குறிப்பு எழுதி வைத்தால்தான், நாளைக்கு நம் பெயரில் ஒரு தெரு வைக்கும்போது கல்வெட்டுக்காரனுக்கு வசதியாக இருக்கும். எழுதும்படியான சம்பவமும் இன்று நடந்துவிட்டது. எல்லாம் கெரகம்.

பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் ஒன்றியச் செயலாளர் மகள் கல்யாணம். மாவட்டம் வந்திருந்தார். மாவட்டச் செயலாளரை எங்கள் கட்சியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மாவட்டம் குளிக்குது', 'மாவட்டம் கோவமா இருக்குது' என்றால் எல்லோருக்கும் புரியும். அவர் காரை விட்டு இறங்கியதும் நான் முதல் ஆளாக ஓடினேன். பூலாம்பாளையம் பேரூர்ச் செயலாளர் தெ. மாரப்பன் என்றால் முதலில் காலில் விழுகிறவன் என்று கட்சிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். அந்த இடத்தை நான் சும்மா வாங்கவில்லை.

துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்தேன். கழுத்து குனிந்தது, முதுகு குனிந்தது, இடுப்பும் வந்தது. வலது முட்டி மட்டும் பாதியில் டக்கென்று நின்றுவிட்டது. மேலேயும் வரமுடியவில்லை, கீழேயும் போகமுடியவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி அப்படியே நின்றேன்.

"என்ன மாரப்பா, வளைய மாட்டீங்கற?" என்றார் மாவட்டம். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். போன தடவை அவர் இப்படிப் பார்த்துச் சிரித்த ஆள் இப்போது கட்சியிலேயே இல்லை.

அதற்குள் இளைஞரணி ஜோதிலிங்கம், புது வேட்டியோடு, தார் ரோட்டில் பொத்தென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது அவன் சட்டையில் சரளைக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிக்கூட விடவில்லை, படுபாவி. மாவட்டம் குனியாமலே கையை நீட்டி அவன் தோளைத் தட்டினார்.

பேரூராட்சித் தேர்தல் வருகிறது. தலைவர் வேட்பாளர் யாரென்று ஏப்ரல் 5, தன் பிறந்தநாள் விழாவில் மாவட்டம் அறிவிப்பார். நானா, ஜோதிலிங்கமா என்பதுதான் கேள்வி. தோரணம் கட்டியதில் இருந்து இந்தக் கட்சிக்கு உழைத்தவன் நான். இந்த ஒரு முட்டி என்னைக் கவிழ்த்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

எலும்பு டாக்டரிடம் போனோம். என் சம்சாரம் வசந்தாமணியும் வந்தாள், வேண்டாமென்றாலும் கேட்க மாட்டாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார். முட்டி என்பது கதவுக் கீல் மாதிரியாம். இரண்டு எலும்பும் நேராக உரசாமல் இருக்க நடுவில் குருத்தெலும்பு இருக்குமாம். எனக்கு அது வலது முட்டியில் அநேகமாக இல்லையாம்.

"என்ன வேலை பார்க்கறீங்க? தரைக்கு டைல்ஸ் ஒட்டறீங்களா?" என்று கேட்டார்.

"பொதுப்பணிங்க."

"பொதுப்பணித் துறையா?"

"இல்லீங்க, கட்சியில."

வசந்தாமணிக்கு அப்போது பார்த்து இருமல் வந்துவிட்டது. வெளியே போய்விட்டாள். வெகுநேரம் இருமினாள்.

அறுவை சிகிச்சை செய்து செயற்கை மூட்டு வைத்துவிடலாம் என்றார் டாக்டர். நன்றாக நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் அதற்கப்புறம் சம்மணம் கூடாது, குத்தவைக்கக் கூடாது, முட்டி போடக் கூடாது.

"கீழ விழுந்து கும்பிடறதுங்க?"

"கோயில்ல நின்னுக்கிட்டே கும்பிடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

சாமி கோவிச்சுக்காது. அது எனக்கும் தெரியும். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிசியோதெரபி என்று ஒன்று இருக்கிறதாம், அதை எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 6, புதன்

ஏழாம் வார்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு வாசலில் வந்து நின்றார்கள். நாலு மாதமாகக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லையாம். நான் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "செயலாளர் ஓய்வுல இருக்காருன்னு சொல்லு" என்றேன். வசந்தாமணி அவர்களோடேயே கிளம்பிப் போய்விட்டாள். மதியச் சோறு மூன்று மணிக்கு. பருப்பில் உப்பு இல்லை. ஒரு தொண்டனின் வீட்டில் இதுதான் நிலைமை.

மார்ச் 8, வெள்ளி

பிசியோதெரபி ஆரம்பம். அமலி என்று ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கமாம், கறாரான ஆள். பிளாஸ்டிக்கில் ஒரு முழு எலும்புக்கூட்டை அந்தப் பெண் மூலையில் தொங்கவிட்டிருக்கிறது. பேசும்போது அதன் கையைக் காலை அசைத்துக் காட்டுகிறது.

"எல்லா மூட்டும் ஒண்ணு போல இல்ல சார். தோளும் இடுப்பும் கிண்ணத்துக்குள்ள பந்து வெச்ச மாதிரி, எந்தப் பக்கம் வேணும்னாலும் சுத்தும். முட்டியும் முழங்கையும் கீலு. மடக்கலாம், நீட்டலாம், அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பார்க்கக் கூடாது. கழுத்துல ஒரு எலும்பு முளைக்குச்சி கணக்கா நிக்கும், அதைச் சுத்தித்தான் தலை திரும்புது. மண்டை ஓட்டுல இருக்கிற மூட்டு அசையவே அசையாது."

கடைசியாகச் சொன்னதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். எங்கள் பொதுக்குழுவைப் பார்த்தவனுக்கு அதில் சந்தேகமே வராது.

"சரி, உங்களுக்கு என்ன செய்யணும்? நடக்கணுமா, வண்டி ஓட்டணுமா?"

"விழோணும்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். ஏப்ரல் 5-ம் தேதி காலை, மேடையில், பெரியவர் ஒருவர் காலில். எலும்புக்கூட்டின் கையை விட்டுவிட்டு என்னையே பார்த்தது.

"எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறதுக்குத்தான் சார் எங்கிட்ட வருவாங்க."

"நீ சொல்லிக் குடும்மணி. ஃபீஸ் வாங்கறயல்ல?"

மார்ச் 10, ஞாயிறு

இடது காலைத் தூக்கினேன். வலது காலைத் தூக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

அட ஆண்டவனே!

காலையில் பால் வாங்கப் போன வசந்தாமணி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுல உங்களைப் போட்டு போஸ்டர் ஒட்டியிருக்காங்க." பதறிக்கொண்டு போனேன். என் படம், ஆள் உயரத்துக்கு. மேலே கொட்டை எழுத்தில்:

'எவர் காலிலும் வளையாத முதுகே! எங்கள் மாரப்பா!'

கீழே 'இவண்: பொதுமக்கள்' என்று போட்டிருக்கிறது. எந்தப் பொதுமக்கள் கைக்காசு போட்டுப் போஸ்டர் அடித்தார்கள்? ஜோதிலிங்கம்தான். வேறு எந்த ஊரிலாவது இது பாராட்டு. எங்கள் கட்சியில் ஒருத்தனை ஒழிக்க வேண்டுமென்றால், அவன் வளையமாட்டான் என்று சொன்னால் போதும். மொட்டைக் கடுதாசி போட்டால்கூட இவ்வளவு நாசம் ஆகாது.

கிழிக்கலாம் என்று கையைத் தூக்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் ராமசாமி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்படி ஒரு ஆள் உங்க கட்சியில இருக்கறது தெரியாமப் போச்சுங்க. என்ர ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். "அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க, எனக்கு முட்டி வலிங்க" என்றேன். "அந்த அடக்கம் இருக்குது பாருங்க, அதான்" என்றார்.

டீக்கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை.

மார்ச் 13, புதன்

மாவட்டத்தின் வீட்டுக்குப் போனேன். பார்க்க முடியவில்லை. உதவியாளர் குணசேகரன் வராந்தாவிலேயே மறித்துவிட்டார். எக்ஸ்ரே படத்தை உறையில் இருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"பாருங்க தம்பி, இந்த இடத்துல குருத்தெலும்பே இல்லீங்க. எலும்பும் எலும்பும் ஒட்டிக் கெடக்குது. மனசு வளையுதுங்க, முட்டிதான் வளையலீங்க. மாவட்டத்துக்கிட்ட இதை எடுத்துச் சொல்லோணும்."

குணசேகரன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இது உங்க முட்டிதான்னு என்னுங்ணா ஆதாரம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கியிருக்க வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

எக்ஸ்ரே உறை இனி எப்போதும் கையில். ஒன்றியம், நகரம், மகளிரணி, வழக்கறிஞரணி எல்லோருக்கும் காட்டிவிட்டேன். விசுவாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கட்சிக்காக எலும்பைத் தேய்த்தவன் என்று வாயால் எத்தனையோ பேர் சொல்கிறார்கள். படத்தோடு நிரூபித்தவன் நான் ஒருத்தன்தான்.

வழக்கறிஞரணிக்காரர் மட்டும், "இன்னொரு முட்டியோட படமும் வேணுமே" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

அமலியிடம் முன்னேற்றம். சுவரைப் பிடித்து இறங்குவது, ஸ்டூலைப் பிடித்து இறங்குவது, கடைசியில் எதையும் பிடிக்காமல் இறங்குவது என்று படிப்படியாகப் போகிறோம். மூட்டுக்குள் ஒரு நீர் ஊறுமாம், அதுதான் எண்ணெய். அசைத்தால் ஊறும், அசைக்காவிட்டால் வறண்டுவிடும். "அளவா அசைச்சா நல்லது. வருசக்கணக்கா தரையில இடிச்சா இப்படித்தான் ஆகும்" என்றது.

வசந்தாமணி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே அவளுக்கு போன் வருகிறது. மோட்டார், வால்வு, ஓவர்சியர் என்று ஏதோ பேசுகிறாள். "ஆள் கீழ விழுந்துட்டா எப்படிம்மணி தூக்கறது?" என்று அவள் கேட்க, அமலி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமாம். தூக்குகிறவர் தன் முட்டியை மடக்கி, காலின் பலத்தால் எழ வேண்டுமாம், முதுகால் தூக்கக் கூடாதாம். என்னை வைத்தே இரண்டு தடவை பழகினாள்.

இதெல்லாம் எதற்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. "அதை விடும்மணி. ஏப்ரல் அஞ்சாந்தேதிக்குள்ள நான் விழுந்துருவேனா?"

"விழுறதுக்கு மூட்டே வேண்டாம் சார். பூமி இழுத்துக்கும். எந்திரிக்கிறதுதான் மூட்டு வேலை. அது உங்களுக்கு இன்னும் வரலை."

எழுவதைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை? விழுந்தவனை மாவட்டமே தோளைத் தொட்டுத் தூக்கிவிடுவார். அதுதான் மரபு. ஜோதிலிங்கம் மாதிரி, அவர் தொடும் முன்பே எழவும் கூடாது.

மார்ச் 20, புதன்

ஊருக்குள் நடக்க முடியவில்லை. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவன் பாதித் தலையோடு எழுந்து வணக்கம் வைத்தான். எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் வந்து, "உங்களை மாதிரி ஆள் எங்க பக்கம் இல்லீங்களே" என்று கண்கலங்கினான். மாவட்டத்தின் ஆட்கள் இரண்டு பேர் வார்டு வார்டாகப் போய் என்னைப் பற்றி விசாரிக்கிறார்களாம். முடிந்தது கதை. கட்சிப் பேப்பரில் கட்டம் கட்டி என்னை நீக்கப் போகிறார்கள்.

வசந்தாமணியிடம் புலம்பினேன். "ஊரு நல்லவருன்னு சொன்னா இருந்துட்டுப் போங்களே. என்ன வெசனம் உங்களுக்கு?" என்கிறாள். அரசியல் தெரியாத பொம்பளையிடம் என்ன பேசுவது?

மார்ச் 24, ஞாயிறு

ஏழாம் வார்டில் தண்ணீர் வந்துவிட்டதாம். வால்வுக்குள் மண் அடைத்துக் கிடந்ததாம். ஓவர்சியரை நிற்க வைத்துத் தோண்டச் சொல்லி வசந்தாமணி சரிசெய்துவிட்டாளாம். எட்டாம் வார்டுக்காரர்கள் இப்போது வாசலில். அவர்களும் அவளைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் காபி போட ஆளில்லை.

மார்ச் 29, வெள்ளி

இன்று விழுந்துவிட்டேன்! எதையும் பிடிக்காமல், முதலில் இடது முட்டி, பிறகு கை, பிறகு வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி, பிறகு மார்பு, நெற்றி. அமலியின் எலும்புக்கூட்டுக் காலடியில் தரையோடு தரையாகக் கிடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய மாரப்பன் திரும்பி வந்துவிட்டான்.

எழுப்ப அமலியும் வசந்தாமணியும் வாசலில் நின்ற ஆட்டோக்காரரும் தேவைப்பட்டார்கள். அது பெரிய விஷயமில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

நாளை. வேட்டி இஸ்திரி போட்டாயிற்று. முட்டிக்குக் களிம்பு தடவியாயிற்று. வசந்தாமணி சொன்னாள்: "ஏனுங்க, நாளைக்கு விழாதீங்க. நின்னு கும்பிட்டாப் போதும். எனக்கென்னமோ மனசு சரியில்ல." இரண்டு தடவை சொன்னாள். எதிர்த்துப் பேசாதே என்று அதட்டிவிட்டேன். போய்த் தன் சேலையையும் இஸ்திரி போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஆரம்பித்தவன் முடிக்க வேண்டுமல்லவா.

மண்டபம் நிறைய கூட்டம். மாவட்டம் மேடையில் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டே எல்லோர் கும்பிடையும் வாங்கிக்கொண்டிருந்தார். சால்வைகள் பின்னால் குவிந்து கிடந்தன. ஜோதிலிங்கம் எனக்கு முன்னால் போய் விழுந்தான், எழுந்தான், பந்து மாதிரி. அடுத்து என் முறை. மைக்கில், "அடுத்ததாக, வளையாத மாரப்பன் அவர்கள்" என்றான் எவனோ ஒரு கிராதகன். மண்டபமே எழுந்து கைதட்டியது. மாவட்டத்தின் முகத்தில்கூட ஒரு சிரிப்பு வந்தது. கையை நீட்டினார், கைகுலுக்க. அதை நான் கவனித்தேன். கவனித்தும், மரியாதைக்காகக் கூப்பிடுகிறார், இதுதான் சமயம் என்று முடிவு செய்தேன்.

துண்டை இடுப்பில் கட்டினேன். விழுந்தேன்.

அருமையான விழுகை. இடது முட்டி, கை, மார்பு, நெற்றி. இரண்டு கையாலும் மாவட்டத்தின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். கைதட்டல் நின்றுவிட்டது. சரி, மரியாதையில் அமைதி ஆகிவிட்டார்கள் என்று நினைத்தேன். தோளில் அவர் கை படுவதற்காகக் காத்திருந்தேன்.

கை படவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தேன். நானே எழலாம் என்று வலது முட்டியை மடக்கினேன். டக். பூட்டிக்கொண்டது. மாவட்டத்தின் காலைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தேன். வேட்டி ஓரம் விலகியிருந்தது. இரண்டு முட்டியிலும் கறுப்பு பெல்ட், பட்டை போட்டு, இறுக்கிக் கட்டியிருந்தது. அமலியிடம் அலமாரியில் இருக்கிற அதே பெல்ட்.

மாவட்டம் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "காலை விட்ரா. நான் விழுந்துருவேன்."

"தூக்கி விடுங்கண்ணா."

"எனக்குக் குனிய வராதுரா. மாசத்துக்கு நாலு தடவை சென்னைக்குப் போய் நானும்தான் விழறேன்."

அவர் குனிய முடியாது. நான் எழ முடியாது. மேடையில் இருந்த ஒருத்தனும் கிட்டே வரவில்லை. மாவட்டம் தூக்க வேண்டிய ஆளை வேறு எவனாவது தூக்கினால் அது அத்துமீறல் ஆகிவிடும். குணசேகரன் கைகட்டி நின்றார். ஜோதிலிங்கம் கைகட்டி நின்றான். போட்டோக்காரன் முதலில் எடுத்தான், பிறகு வீடியோவுக்கு மாறினான். நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஊதிக்கொண்டேயிருந்தார்.

அப்போது மேடைப் படியில் செருப்புச் சத்தம். வசந்தாமணி. யாரிடமும் கேட்காமல் நேராக வந்தாள். என் இடுப்பில் கட்டியிருந்த கட்சித் துண்டைப் பின்னால் இருந்து சேர்த்துப் பிடித்தாள். முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, "மூச்சை இழுங்க, ம்" என்று ஒரே தூக்கு. நான் நின்றுவிட்டேன். அவள் மூட்டில் ஒரு சத்தம்கூட வரவில்லை.

பிறகு மாவட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நின்றபடியே. "பொறந்தநாள் வணக்கமுங்க. பெல்ட்டை ரொம்ப இறுக்கிக் கட்டியிருக்கீங்க, ரத்தம் ஓடாதுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு சத்தமாக, "எட்டாம் வார்டுக்கும் வால்வு மாத்தோணுமுங்க. ஓவர்சியருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

மண்டபம் மறுபடியும் கைதட்டியது. மாவட்டம் வேட்பாளர் பெயரை அறிவிக்கவில்லை. "அப்பறம் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 6, சனி

எல்லா போனிலும் நான் விழுகிற வீடியோதான். சர்வேயர் ராமசாமி எதிரில் வந்தார். கும்பிட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். டீக்கடையில் காசு வாங்கிக்கொண்டார்கள்.

குளியலறையில் கொஞ்சநேரம் அழுதேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று வசந்தாமணி கேட்டாள். சோப்பு என்றேன். சோப்பு தீர்ந்து நேற்றோடு இரண்டு நாளாயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாவட்டம் கூப்பிட்டனுப்பினார். எக்ஸ்ரே உறையோடு போனேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குணசேகரனை வெளியே போகச் சொன்னார்.

"அட கூறு கெட்டவனே" என்று ஆரம்பித்தார். "எல்லா வார்டுலயும் விசாரிச்சேன். ஒருத்தன் கால்லயும் விழாத மனுசன், அவருக்குத்தான் ஓட்டுன்னு சொன்னாங்க. நம்ம கட்சிக்கு ஓட்டே போடாதவனெல்லாம் சொன்னான். உன்ர பேரைத்தான் அன்னைக்குச் சொல்றதா இருந்தேன். கையைக் குலுக்கிப்போட்டு மைக்கைப் பிடிக்கலாம்னு கையை நீட்டறேன், நீ பொத்துன்னு விழறே! எதுக்குடா விழுந்தே?"

"மரியாதைங்கண்ணா..."

"விழறதுக்கு என்கிட்ட ஆளு கொட்டிக் கெடக்குது. விழாதவன்னு சொல்லிக் காட்ட ஒருத்தன்கூட இல்ல. அதுக்குத்தான் உன்னை வெச்சிருந்தேன்."

எக்ஸ்ரே உறை கையில் இருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிய முடியவில்லை. அவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உன்ர சம்சாரம் விழுகல" என்றார் மாவட்டம். "எல்லாரும் பாத்தாங்க. அந்த வீடியோவும் சுத்துது. அவங்களைத்தான் நிறுத்தப் போறேன். அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடு. தேர்தல் முடியற வரைக்கும் யாரு கால்லயும் விழுந்துறப்படாது. என்ர கால்லயும்தான். விழுந்தா ஓட்டுப் போயிரும்."

கிளம்பும்போது கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த பிசியோப் பொண்ணு நம்பரைக் குடுத்துட்டுப் போ" என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

வசந்தாமணியிடம் சொன்னேன். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். "எனக்கெங்கீங்க நேரம்? எட்டாம் வார்டுல இன்னைக்குத்தான் தோண்டறாங்க" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுங்களா?"

"எனக்கென்ன கஷ்டம்? கட்சிதான் பெருசு."

"விழவேண்டாம்னு சொன்னேனுங்களே."

"ஆமா, சொன்னே."

"மாவட்டத்துகிட்ட விழமாட்டேன்னு சொல்லிப்போடுங்க. இன்னைக்கு மட்டுமில்ல, செயிச்ச பொறவும் விழமாட்டேன். எனக்கு முட்டி நல்லா இருக்குது. அதை அப்படியே வெச்சுக்கோணும்."

அதை மாவட்டத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 10, புதன்

வசந்தாமணி பெயர் பேப்பரில் வந்துவிட்டது. விடிந்ததும் ஜோதிலிங்கம் வந்தான். "அக்கா!" என்று கத்திக்கொண்டு வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் முன்னால் இடிக்கிறது. இப்படியே போனால் இன்னும் பத்து வருடத்தில் அவனுக்குத் தோள் போய்விடும். சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"எந்திரி தம்பி" என்றாள் வசந்தாமணி, ஒரு அடி பின்னால் தள்ளி நின்று. "தண்ணி லாரி பஞ்சராகி ஸ்கூல்கிட்ட நிக்குதாம். போய் டயரு மாத்திக் குடு."

அவனும் போனான். டயர் மாற்றினான் என்றும் கேள்வி.

ஏப்ரல் 12, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் மறுபடியும் போனோம். ஆபரேஷனுக்கு நான் சம்மதித்துவிட்டேன். தேர்தல் ஆடிக்கு அப்புறம்தான் வருமாம், அதற்குள் நடக்கப் பழகிவிடலாம். வேட்பாளரின் கணவன் வீடு வீடாக நடக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "முன்னாடியே சொல்லிட்டேன், இனிமேல் முட்டி போட முடியாது, கீழ விழுந்து கும்பிட முடியாது. அப்பறம் வந்து வருத்தப்படக் கூடாது."

"கையெழுத்து எங்கீங்க போடோணும்?" என்றேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது கால் செருப்பு மாட்ட வரவில்லை. வசந்தாமணி போனில் லாரிக்காரனிடம் பேசிக்கொண்டே குனிந்து, என் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டினாள். வார்டு ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. பிறகு கீழே பார்த்தேன். அவளுடைய உச்சி வகிடும் அதில் நரைத்த முடியும் மட்டும்தான் தெரிந்தன. முகம் தெரியவில்லை. இத்தனை வருடமாக மாவட்டத்துக்கு என்னுடையதும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும். வழுக்கை விழுந்ததை அவர்தான் முதலில் பார்த்திருப்பார்.

"எந்திரி வசந்தா. நானே மாட்டிக்கறேன்."

"உங்களுக்கு எட்டாதுங்க. பேசாம காலைக் காட்டுங்க, லாரிக்காரன் லைன்ல இருக்கான்."

காட்டினேன்.